ரங்கப்பிள்ளையின் நோட்டுகள் போன வழி

புதுச்சேரி வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, தம் 27ஆம் வயதில் தினப்படிச் சேதிகளை எழுதத் தொடங்கினார். சரித்திரம் எழுதும் எண்ணமெல்லாம் அவருக்கு இருந்திருக்காது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், குவர்னர் முகம் இன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுதிக்கொண்டே போனார். வம்புக்கும் அதில் பஞ்சமில்லை. 1747இல் தலைமைத் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனபிறகு, குவர்னர் துய்ப்ளேக்சின் அந்தரங்கப் பேச்சே அவர் காதில் விழுந்தது. துய்ப்ளேக்சின் மனைவியைப் பிள்ளைக்குக் கட்டோடு பிடிக்காது. 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களில், அந்த அம்மாள்மேல் உள்ள கோபமும், தம்மால் தடுக்க முடியவில்லையே என்ற ஆற்றாமையும் வரிக்கு வரி தெரியும். இத்தனைக்கும் அவர் பிரெஞ்சுக் கம்பெனியின் சம்பளக்காரர்தான்.

1761 ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நோட்டுகள் வீட்டோடு தங்கிவிட்டன.

1846இல் காலுவா மோம்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படி எடுக்க வைத்தார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்த ஆரியேல் மூலம் ஒரு படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1894இல் ழூலியன் வின்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் முழுசாகவே இறங்கியது: பிரைஸ், ரங்காச்சாரி, பிறகு டாட்வெல் எனக் கைமாறி, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகள். நடுநடுவே சில வருஷத்து நோட்டுகள் கிடைக்காமலே போனதால், அங்கங்கே கதை அறுந்து நிற்கும்.

எழுதிய மொழியான தமிழில் அது தொடர்ச்சியாக அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். எழுத்தாளர் பிரபஞ்சன் அதைக் கரைத்துக் குடித்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இன்றும் பலர் ஆங்கிலத் தொகுதிகளைப் பார்த்தே மேற்கோள் காட்டுகிறார்கள். பிள்ளையின் தமிழில் பிரெஞ்சும் போர்த்துக்கீசும் பாரசீகமும் கலந்து கிடக்கும். முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பொறுத்துக்கொண்டு மூலத்தையே படியுங்கள்.