ரகசிய ஓட்டும் துணைக்கு வர்ற கையும்

கொஞ்சம் நீளமான இழை. தேர்தல் வந்தாலே ஓ.பி.யில கேக்குற கேள்விதான்: "அம்மாவுக்குக் கண்ணு தெரியாது, அவங்க ஓட்டை நான் போடலாமா?"

வாக்குச்சாவடியில் சாய்தளம் வேணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே 2004இல்தான். அதுக்காகப் போராடிய ஜாவேத் அபிதி சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அதுவரை பள்ளிக்கூடப் படியில் யாராவது தூக்கிட்டுப் போனால்தான் ஓட்டு.

பார்வையற்றவர்களுக்குச் சிக்கல் வேற. உள்ளே போயிடலாம், எந்தப் பொத்தான் யாருக்குன்னு தெரியாது. அதே 2004இல் ஆந்திராவின் ஆசிஃப் நகர் இடைத்தேர்தலில் இயந்திரத்துல பிரெயில் எண்களை ஒட்டிப் பார்த்தாங்க. 2009 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க வந்துச்சு. பிரெயிலில் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டை அதிகாரியிடம் வாங்கி, வேட்பாளரோட எண்ணைப் படிச்சுக்கிட்டு, உள்ளே போய்த் தடவி அழுத்தலாம். யாருக்குப் போட்டோம்னு வீட்டுக்கும் தெரியாது. கண் தெரிஞ்சவங்களுக்கு இது முதல் பொதுத்தேர்தலிலேயே கிடைச்சது.

ஆனா நான் பார்க்குற பெரியவங்கள்ல பலர் கண்புரை முத்தியோ, கண்ணழுத்த நோயாலோ, சர்க்கரையாலோ வயசான பிறகு பார்வை போனவங்க. பிரெயில் அவங்களுக்கு வெறும் புள்ளி. இவங்களுக்குத்தான் 1961 தேர்தல் விதிகளில் 49-என். பார்வைக் குறைவாலோ உடல் நலிவாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியலைன்னு வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் திருப்தியானா ஒரு துணையை அனுமதிப்பார். துணைக்கு 18 வயசு ஆகியிருக்கணும். அன்னிக்கு வேற யாருக்கும் துணையா போகக்கூடாது, ரகசியம் காப்பேன்னு எழுதிக் கொடுக்கணும். ஓட்டு வாக்காளரோட விருப்பப்படிதான் விழணும். ஆக, மேலே கேட்ட கேள்விக்குப் பதில்: உங்க கை, அம்மாவோட ஓட்டு. வெறும் வயசு இதுக்குக் காரணம் ஆகாது.

2019இல் வீட்டிலிருந்தே தபால் ஓட்டு வந்துச்சு: 80 வயசைத் தாண்டினவங்க, 40 சதவீதமும் அதுக்கு மேலும் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகள். (அந்தச் சதவீதத்தை எழுதிக் கையெழுத்துப் போடுறது எங்க வேலை. சான்றிதழுக்கு அலையுறவங்க தேர்தல் தேதிக்குள்ள வாங்கிடுறது எல்லா நேரமும் நடக்குறதில்லை.) முதல்ல ஜார்க்கண்டில் சில தொகுதிகள், 2020இல் பீகார், 2021இல் தமிழ்நாடு. கொரோனா நேரத்துல வயசை 65 ஆக்கினாங்க, எதிர்ப்பு வந்தது, அமலாகலை. 2024இல் 85 ஆக்கிட்டாங்க.

அலுவலர், போலீஸ், வீடியோ எடுப்பவர்னு ஒரு குழுவே வீட்டுக்கு வருது. முறைகேட்டைத் தடுக்க அது தேவை. ஆனா ஒரே அறை வீட்டுல, மகன், மருமகள், பேரன் சுத்தி நிக்க, கட்டில்ல கிடக்குற பாட்டிக்கு மறைப்பு எங்கே? அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் வீட்டுக்காரங்க வெளியே நிக்கணும்.

இன்னொண்ணு. 12-டி படிவம் கொடுத்து ஏத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. வரிசையில நின்னு மை வெச்சுக்க ஆசைப்படுற தாத்தாவுக்குச் சேர்த்து யாராவது படிவத்தை நிரப்புறாங்கன்னா, முதல்ல அவரைக் கேக்கச் சொல்லுங்க.