ஜப்பான் ஸ்கூல்ல மட்டும் ஏன்ப்பா நீச்சல்குளம்?

புனேவுல மழை பிடிச்சுக்கிச்சுன்னா ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டு நகர முடியாது. போன வாரம் அப்படித்தான். டீயும் கையுமா சோபாவுல சாய்ஞ்சா, டிவி ரிமோட் பொண்ணு கையில. ஏதோ ஒரு ஜப்பான் அனிமே. பதினாலு வருஷமா ஜப்பான் கிளையண்டுக்கு ஆணி புடுங்குறவன், அரைகுறையா அவங்க மொழியும் தெரியும்ங்கறதால வீட்டுல இந்த விஷயத்துக்கு நான்தான் வித்வான். (தங்கமணி இதை ஒத்துக்க மாட்டாங்க.)

பள்ளிக்கூடக் கதைன்னா ஒரு நீச்சல்குள எபிசோட் கட்டாயம் வரும். நம்ம படத்துல திருவிழாப் பாட்டு மாதிரி. அன்னிக்கும் வந்துச்சு. வரிசையா கருநீல நீச்சலுடை, நெஞ்சுல வெள்ளைத் துணியில வகுப்பும் பேரும், தலையில தொப்பி, வாயில விசிலோட வாத்தியார். பொண்ணு திரும்பிப் பார்த்து, "எல்லா ஸ்கூல்லயும் குளம் இருக்கே, என் ஸ்கூல்ல மட்டும் ஏன்ப்பா இல்ல?"ன்னா. "அவங்க பணக்கார நாடும்மா"ன்னு சொல்லித் தப்பிச்சேன்.

ராத்திரி சும்மா தேடிப் படிக்க உக்காந்தேன். நான் சொன்னது சுத்தத் தப்பு மக்களே.

கதை 1955-ல ஆரம்பிக்குது. போர் முடிஞ்சு பத்தே வருஷம், ஜப்பான் அப்ப பணக்கார நாடெல்லாம் கிடையாது. ஹோன்ஷூ தீவுல இருக்கற ஊனோவுக்கும் ஷிகோகு தீவுல இருக்கற தகமட்ஸுவுக்கும் நடுவுல உள்கடலைத் தாண்ட ரயில்வேயே கப்பல் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. மே 11-ம் தேதி காலையில, ஏழு மணி ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னால, கடுமையான பனிமூட்டம். ஷியுன் மாரு-ங்கற பயணிகள் கப்பல் மேல அதே ரயில்வேயோட சரக்கு ரயில் ஏத்திப் போற இன்னொரு கப்பல் மோதிடுச்சு. சில நிமிஷத்துல கப்பல் கவுந்து முழுகிடுச்சு. 168 பேர் போய்ட்டாங்க. அதுல 100 பேர் பள்ளிப் பிள்ளைங்க. நாலு ஊர் ஸ்கூல்ல இருந்து சுற்றுலா வந்தவங்க.

அந்த நூறுல பையன்கள் 19. பொண்ணுங்க 81. இந்தக் கணக்கைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அடுத்த பக்கம் தள்ளாம உக்காந்திருந்தேன்.

அதோட முடியல. ரெண்டரை மாசம் கழிச்சு, ஜூலை 28, மியே மாவட்டத்துல ட்ஸூ நகரக் கடற்கரை. ஒரு நடுநிலைப்பள்ளி பிள்ளைங்களுக்குக் கடல்லயே நீச்சல் வகுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நீரோட்டம் மாறி இழுத்ததுல 36 மாணவிகள் இறந்தாங்க. சரியா பத்து வருஷம் முன்னால, 1945-ல இதே தேதியிலதான் அந்த ஊர் மேல அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுச்சு. அதனால அப்ப செத்தவங்க ஆவி வந்து காலைப் பிடிச்சு இழுத்ததா ஒரு பேய்க்கதை பின்னால பத்திரிகை எல்லாம் பரவிச்சு. எனக்கு அந்தக் கதையில கோபம்தான் வருது. பேய் இழுத்துச்சுன்னு முடிச்சிட்டா, நீந்தத் தெரியாத பிள்ளைங்களை ஏன் கடல்ல இறக்கினோம்னு யாரும் கேக்க வேண்டாம் பாருங்க.

ஆனா பெத்தவங்க கேட்டாங்க. ஒரே வருஷத்துல இந்த ரெண்டு விபத்து. ரெண்டு விஷயம் நடந்துச்சு. கப்பலே வேண்டாம், பாலம் கட்டுங்கங்கற குரல் வலுத்து, 1988 ஏப்ரல்ல சேட்டோ பெரும்பாலம் திறந்தாங்க, முப்பத்து மூணு வருஷம் கழிச்சு. இன்னொண்ணு, பிள்ளைங்க எல்லாருக்கும் நீச்சல், அதையும் ஸ்கூலுக்குள்ளயே கத்துக்கொடுக்கணும்ங்கறது. 1961-ல விளையாட்டு வளர்ச்சிச் சட்டம் வந்து அரசு மானியமும் கிடைக்க, அறுபது எழுபதுகள்ல ஊர் ஊரா பள்ளிக்கூடக் குளம் வெட்டித் தள்ளிட்டாங்க.

இதுக்கு முன்னாடி அவங்களுக்கு நீச்சலே தெரியாதான்னு கேட்டா, நல்லாவே தெரியும். சாமுராய் காலத்துல அது போர்க்கலை. பையன்கள் கோவணத்தோட நீந்துவாங்க (நம்மாளுங்கதான்!). 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் நீச்சல்ல ஆறு தங்கத்துல அஞ்சு ஜப்பானுக்கு. 1936 பெர்லின்ல தங்கம் வாங்கி, அந்த நாட்டோட முதல் தங்க மங்கை ஆன மயேஹாத்தா ஹிதேகோ ஆத்துல நீந்திப் பழகினவங்கதான். வீரர்கள் இருந்தாங்க. ஷியுன் மாருவுல இருந்த மாதிரி சாதாரணப் பிள்ளைங்களுக்குத்தான் கத்துக்கொடுக்க இடம் இல்லாம இருந்துச்சு.

அத்தனை பிள்ளைங்களும் தண்ணியில இறங்கும்போது உடுப்பு வேணுமே. அப்படி வந்ததுதான் 'சுக்கூரு மிசுகி', பள்ளி நீச்சலுடை. கருநீலம்னா அழுக்கு தெரியாது, நனைஞ்சாலும் உள்ள தெரியாது, பணக்கார வீடு ஏழை வீடுன்னு வித்தியாசமும் தெரியாது. பேர் எழுதின துணி, யார் தண்ணியில இருக்காங்கன்னு வாத்தியார் கரையில இருந்தே பார்க்க. தொப்பி நிறத்தையோ கோட்டையோ வச்சு, யாருக்கு எவ்வளவு நீந்த வரும்னு சொல்ற வழக்கமும் பல ஸ்கூல்ல உண்டு. ஃபேஷன்னு சொல்ல இதுல ஒரு மண்ணும் இல்ல.

அனிமே இதை என்ன பண்ணுச்சுங்கறதுதான் வேடிக்கை. வரையறவங்க எல்லாரும் அந்தக் குளத்துல நீந்தி வளர்ந்த பிள்ளைங்க. அதனால அவங்களுக்குக் கோடைன்னா சில்வண்டுச் சத்தமும் குளோரின் வாசனையும். 2002-ல வந்த 'அசுமாங்கா டையோ' மாதிரி தொடர்ல அந்த ஞாபகம் அழகாவே இருக்கு. இன்னொரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க மேல கேமராவை மேய விடற தொடர்களும் ஏராளம். அது வந்தா நான் ரிமோட்டைப் பிடுங்கிடுவேன், இதுல நான் பழைய ஆளாவே இருந்துட்டுப் போறேன். வீடியோ கேம்காரங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. 2003-ல வந்த 'டெட் ஆர் அலைவ் எக்ஸ்ட்ரீம் பீச் வாலிபால்' கேம்ல நீச்சலுடை வாங்கிச் சேர்க்கறதே பாதி விளையாட்டு. இப்ப மொபைல் கேம்கள்ல வருஷா வருஷம் கோடை வந்தா பழைய கதாபாத்திரத்துக்கே புது நீச்சலுடை மாட்டி, லாட்டரி மாதிரி காசு கட்டி எடுக்க வைக்கறாங்க. 'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' 2016 கோடையில இதை ஆரம்பிச்சுது. யாவாரம் யாவாரம்தான்.

எனக்குப் பிடிச்சது 2013-ல கியோட்டோ அனிமேஷன் எடுத்த 'ஃப்ரீ!'. பையன்கள் நீச்சல் கிளப். பாழடைஞ்ச பள்ளிக்கூடக் குளத்தை அவங்களே கழுவிச் சரி பண்ற காட்சி வரும். குளம் கழுவறது நிஜத்துலயும் ஒரு சடங்கு. தீப்பிடிச்சா அணைக்க உதவும்னு குளிர்காலத்துலயும் தண்ணியை வடிக்க மாட்டாங்க. பச்சைப் பசேல்னு பாசி பிடிச்சு, தட்டான் முட்டை போட்டு, உள்ள புழு வளரும். கோடை தொடங்கறதுக்கு முன்னால பிள்ளைங்க வலை எடுத்துட்டு வந்து அந்தத் தட்டான் புழுக்களைக் காப்பாத்தி வெளிய எடுத்த அப்புறம்தான் குளம் கழுவற ஸ்கூல்கள் உண்டு. பிள்ளைங்களைக் காப்பாத்த வெட்டின குளத்துல பிள்ளைங்க பூச்சியைக் காப்பாத்துதுங்க.

உடுப்பும் மாறிடுச்சு. டோக்கியோ சுமிதாவுல ஃபுட்மார்க்னு ஒரு கம்பெனி. குழந்தைங்க நாப்கினுக்கு மேல மாட்டற உறை தச்சுக்கிட்டு இருந்தவங்க, அப்புறம் பள்ளி நீச்சல் தொப்பிக்கு வந்தாங்க. 2022-ல ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி, நீளக் கை சட்டை, அரைக்கால் சட்டைன்னு நீச்சலுடை கொண்டு வந்தாங்க. உடம்பு தெரியுதேன்னு கூச்சப்பட்டு வகுப்புக்கு வராம நிக்கற பிள்ளைங்களும் தண்ணியில இறங்கணும் இல்லையா?

குளங்கள்தான் குறையுது. அறுபதுகள்ல கட்டினது எல்லாம் விரிசல் விட்டாச்சு, பிள்ளைங்க எண்ணிக்கையும் கம்மி. பல ஊர்ல தனியார் குளத்துக்கு பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. ஆனா ஒரு வகுப்பை இன்னும் பல ஸ்கூல்ல நடத்தறாங்க: சட்டை, பேன்ட், ஷூவோட தண்ணியில இறங்கறது. நீந்தவே வேண்டாம். காலி பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மல்லாந்து மிதந்து, ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். 'உய்த்தே மத்தே'ன்னு சொல்லிக்கொடுப்பாங்க. மிதந்துக்கிட்டு காத்திரு.

காலையில பொண்ணுகிட்ட முழுசா சொன்னேன். பணக்கார நாடுன்னு சொன்னது தப்புன்னும் சொன்னேன். 81-ங்கற நம்பர்ல, "எல்லாம் என் வயசா?"ன்னு மட்டும் கேட்டா. கிட்டத்தட்டன்னு சொன்னேன்.

மழை விட்டதும் ரெண்டு லிட்டர் காலி பாட்டிலோட எங்க அபார்ட்மென்ட் குளத்துக்குப் போனோம். எனக்கும் நீச்சல் தெரியாது, அதனால நாலடி ஆழத்துப் பக்கம் மட்டும். சட்டை பேன்ட்டோட இறங்கக் கூடாதுன்னு செக்யூரிட்டி மராத்தியில கத்த ஆரம்பிச்சார். உய்த்தே மத்தே-வை மராத்தியில எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சுக்கிட்டு இருக்கறதுக்குள்ள, பொண்ணு மல்லாந்துட்டா.