மேலே உள்ள உருவம்: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பார்வையாளர் தாளில் ஒரு வாக்கியம்

நீதிமன்றங்களின் பார்வையாளர் சேவை, பொதுமக்கள் கல்வி ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறவர்களிடையே ஒரு முடிவு ஏறக்குறைய எழுதாச் சட்டமாகிவிட்டது. விளக்குநர் பேசுவதும் தகவல் தாளில் அச்சாவதும் நிறுவனம் தன் முகத்துக்குப் பூசிக்கொள்ளும் அரிதாரம்; நீதிமன்றம் மனம் திறப்பது தீர்ப்பில் மட்டுமே என்பது அந்த முடிவு. இதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் இவ்வாறு எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாள்களைச் சான்றாக அடுக்கினார்களே தவிர, வரிவரியாகப் படித்ததாகத் தெரியவில்லை. வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தின் காப்பாட்சியர் அலுவலகம் பார்வையாளர்களுக்காக வெளியிட்ட ஒரு தாளை, அதிலும் குறிப்பாக ஒரே ஒரு வாக்கியத்தை, இங்கே படித்துப் பார்க்கிறேன். என் வாதம் அந்த வாக்கியம் தாங்கும் அளவுக்கே செல்லும்.

அந்த அலுவலகம் 1973இல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் காலத்தில் தோன்றியது. அமர்வு இல்லாத நாள்களில் தன்னார்வ விளக்குநர்களும் பயிற்சி மாணவர்களும் நீதிமன்ற அறைக்குள் அரை மணி நேர உரை நிகழ்த்துவது அதன் நெடுநாள் வழக்கம். அறையின் உயரம் 44 அடி. சுற்றிலும் 24 பளிங்குத் தூண்கள். அவற்றுக்கு மேலே நான்கு சுவர்களிலும் அடால்ஃப் வைன்மன் வடித்த புடைப்புச் சிற்ப வரிசைகள். ஒவ்வொன்றும் 40 அடி நீளம், 7 அடி 2 அங்குல உயரம். தெற்கிலும் வடக்கிலும் ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுச் சட்டம் வகுத்தோர். தெற்கே எகிப்தின் மெனீஸில் தொடங்கி ஹம்முராபி, மோசே, சாலமோன் வழியாக அகஸ்டஸ் வரை. வடக்கே ஜஸ்டீனியன், நபிகள் நாயகம், சார்லமேன் தொடங்கி நெப்போலியன் வரை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒருவரும் இல்லை. அது வேறொரு கட்டுரைக்கான பொருள்.

வடக்குச் சுவர் பற்றிய தாளில் நபிகளுக்கான பத்தி சுருக்கமானது. அவர் இஸ்லாத்தின் இறைத்தூதர் என்றும், குர்ஆனைக் கையில் ஏந்தியவராகக் காட்டப்பட்டுள்ளார் என்றும், இஸ்லாமியச் சட்டத்தின் முதல் மூலம் குர்ஆன் என்றும் சொல்லிச் செல்கிறது. அதன் பிறகு வருகிறது நம் வாக்கியம். மேலே உள்ள உருவம் அவரைப் போற்றும் நல்லெண்ணத்தில் சிற்பி வைன்மன் செய்த முயற்சி, அது நபிகளை எவ்வகையிலும் ஒத்திருக்கவில்லை என்பது அதன் சாரம். தங்கள் தூதரைச் சிற்பமாகவோ படமாகவோ காட்டுவதில் முஸ்லிம்களுக்குப் பொதுவாகக் கடும் வெறுப்பு உண்டு என்ற குறிப்புடன் பத்தி முடிகிறது.

பின்னணியைத் துறையினர் அறிவர். 1997இல் அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் அந்த உருவத்தை அகற்றவோ தேய்த்து அழிக்கவோ கோரின. தலைமை நீதிபதி வில்லியம் ரென்க்விஸ்ட் மறுத்தார். ஒன்றை மாற்றினால் முழுச் சிற்ப வரிசையின் கலை ஒருமை கெடும், கட்டடத்தின் சிற்பங்களுக்கு ஊறு செய்வதைச் சட்டமே தடுக்கிறது, அந்த உருவம் சட்ட வரலாற்றில் ஒருவரின் இடத்தை மதிக்கவே வைக்கப்பட்டது, வழிபாட்டுக்கு அல்ல என்பவை அவர் சொன்ன காரணங்கள். கல் அப்படியே நின்றது. ஏட்டின் வாசகம் திருந்தியது.

முந்தைய ஆய்வு மரபு இந்தத் திருத்தத்தைச் சமாதானப் பேச்சு என்கிறது: கேட்டதைத் தராமல் கேட்டவர் மனம் குளிர ஒரு வரி. அவசரமான படிப்பு இது. வாக்கியத்தின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். உருவ ஒற்றுமை இல்லை என்பது கலை வரலாற்றுத் தகவல் போல ஒலிக்கிறது. அப்படியானால் அது பதினெட்டில் பெரும்பாலோருக்குப் பொருந்த வேண்டும். மெனீஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருந்த அரசர் யார் என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பார்ட்டாவின் லைகர்கஸ் வாழ்ந்தாரா என்றே ஐயுறுவோர் இருக்கிறார்கள். மோசேயின் முகத்தையோ சாலமோனின் முகத்தையோ கண்டு வரைந்தவர் எவருமில்லை. ஹம்முராபிக்காவது அவர் காலத்துக் கல் ஒன்று உண்டு. ஆனாலும் ‘ஒத்திருக்கவில்லை’ என்ற சொல் ஒருவருக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. ஆகவே அது தகவலாக அங்கே வரவில்லை. ஒரு முறையீட்டுக்கு விடையாக வந்திருக்கிறது.

நீதிமன்ற மொழியிலேயே சொன்னால், மனு தள்ளுபடி ஆயிற்று, பரிகாரம் மட்டும் கிடைத்தது. மனுதாரர் கேட்டது கல்லில், கிடைத்தது தாளில். கல்லைத் தொடச் சட்டம் இடம் தரவில்லை. கல்லுக்குப் பொருள் சொல்லும் தாளைத் தொட எந்தத் தடையும் இல்லை. கட்டடத்துக்குள் பரிகாரம் வழங்கக்கூடிய ஒரே பரப்பாக அப்போது மிஞ்சியது பார்வையாளர் சேவையின் காகிதம்தான். இதை அரிதாரம் என்று ஒதுக்கினால், அந்த நாளில் நிறுவனத்தின் எந்தக் கை உண்மையில் வேலை செய்தது என்பதையே தவறவிடுகிறோம்.

பரிகாரத்தின் உள்ளடக்கமும் எளிதானதல்ல. வாக்கியம் இரண்டு செயல்களைப் பிரிக்கிறது: போற்றுதல், உருவம் காட்டுதல். முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை என்கிறது. சிற்பியின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, சிற்பத்தின் சுட்டலை மறுக்கிறது. நம் உரையாசிரியர்கள் இப்படிச் செய்வதுண்டு. மூலபாடத்தில் கை வைக்காமல், ‘ஈண்டு இச்சொல் இப்பொருட்டன்று’ என்று ஒதுக்கி நகர்வார்கள். பாடம் நிற்கும், பொருள் நகரும். வட அமெரிக்க ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) குழுவின் தலைவராக இருந்த தாஹா ஜாபிர் அல்-அல்வானி இதே சிற்ப வரிசை குறித்து வழங்கி, சட்டமும் சமயமும் குறித்த ஓர் ஆய்விதழில் வெளியான ஃபத்வாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் உருவங்கள் பற்றிய சட்ட அறிஞர்களின் கருத்துகளை நீளமாக எடைபோட்டு, செய்தவரின் எண்ணத்தையும் வைத்த இடத்தையும் கருதி, கண்டனத்துக்குப் பதிலாக நன்றியில் முடித்தார். மரபு வேறு, அதிகாரம் வேறு. வந்து சேர்ந்த இடம் மட்டும் அந்தத் தாளுக்கு வெகு அருகில்.

‘மேலே உள்ள உருவம்’ என்ற சுட்டு இன்னும் வேடிக்கையானது. தாளில் சிற்பத்தின் படமும் அச்சாகியிருக்கிறது. விளக்கம் அதன் கீழே. கையில் தாளோடு அறைக்குள் அமர்ந்திருப்பவருக்கு ‘மேலே’ என்றால் பக்கத்தின் மேற்பகுதியா, சுவரின் மேற்பகுதியா? கண் முதலில் தாளில் ஏறும், பிறகு கூரையை நோக்கி. உருவம் காட்டுவதை விரும்பாதவர்கள் பற்றிச் சொல்லும் வரி, அந்த உருவத்தை இன்னொரு முறை காட்டிய பக்கத்திலேயே இருக்கிறது. இந்த முரணைத் தாளை எழுதியவர் கவனித்தாரா என்பதை விட்டுவிடுவோம். அந்தப் பக்கத்தில் உரையும் மூலமும் ஒன்றையொன்று முழுதாக விடுவித்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இத்தனையும் ஒரு காகிதத் துணுக்கில் நடந்த சிறு விஷயம், சட்டத்துக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். விடை 2005 ஜூன் 27இல் இருக்கிறது. பத்துக் கட்டளைகள் தொடர்பான இரண்டு வழக்குகளில் அன்று தீர்ப்பு வந்தது. டெக்சஸ் சட்டமன்ற வளாகத்துக் கல் நிற்கலாம் என்றது ஒன்று. கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய பலகைகள் கூடாது என்றது மற்றொன்று. இரண்டிலும் ஐந்துக்கு நான்கு. எதிரெதிர்த் திசையில் சென்ற இரண்டு கருத்துரைகளும் தலைக்கு மேலிருந்த இதே சிற்பத்தைச் சாட்சிக்கு அழைத்தன. டெக்சஸ் வழக்கில் ரென்க்விஸ்ட் உள்ளிட்ட நால்வரின் கருத்துரை, எபிரேய எழுத்துகள் தெரியும் பலகைகளோடு மோசே 1935 முதல் இங்கே நிற்கிறார் என்றது. கென்டக்கி வழக்கில் பெரும்பான்மைக்காக எழுதிய டேவிட் சூட்டர் அதே மோசேயை வேறு விதமாகப் பார்த்தார். மோசே மேலும் பதினேழு சட்டம் வகுத்தோரின் நடுவே, பெரும்பாலும் சமயம் சாராதவர்கள் நடுவே நிற்பதால், பார்ப்பவர் எவரும் அரசு ஒரு சமயத்தின் பக்கம் சாய்ந்ததாக நினைக்க மாட்டார் என்றார். 1989ஆம் ஆண்டு அலகெனி வழக்கில் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதியதும் இந்த வழியில்தான்: மோசேயும் கன்பூசியஸும் நபிகளும் அகஸ்டஸோடும் பிளாக்ஸ்டோனோடும் சேர்ந்து நிற்கும்போது மதிக்கப்படுவது மதம் பரப்பியவர்கள் அல்ல, சட்டம் தந்தவர்கள்.

சூட்டர் சொல்லும் ‘பார்ப்பவர்’ யார்? பதினெட்டு உருவங்களையும் எண்ணி, பெயர் அறிந்து, இவர் அரசர், இவர் சட்ட அறிஞர், இவர் சமயத் தலைவர் என்று பிரித்து, விகிதத்தையும் உணர்ந்தவர். நாற்பத்து நான்கு அடி அறையில் தூணுக்கு மேலே அண்ணாந்து பார்க்கும் ஒருவர் தானாக இந்த அறிவைப் பெற முடியாது. தாள் கையில் இருக்க வேண்டும் அல்லது விளக்குநர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆங்கிலச் சட்ட மொழி இங்கே இரு சொற்களைக் கையாள்கிறது: வழக்குகளில் வரும் கற்பனை மனிதருக்கு ஒன்று, கட்டடத்துக்கு வந்து போகிறவருக்கு மற்றொன்று. தமிழில் இருவருமே ‘பார்வையாளர்’. மொழிபெயர்ப்புக்குத் தடங்கலாகத் தெரியும் இந்த ஒற்றைச் சொல் இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தெளிவாகப் பேசுகிறது என்பது என் எண்ணம். தீர்ப்பில் வரும் பார்வையாளரை உருவாக்கித் தருவது பார்வையாளர் சேவை. நீதிபதிகள் கொள்முதல் செய்த இடத்தைக் குறிப்பிடாமல் சரக்கைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கிழக்குச் சுவர் இன்னும் கறாரான சோதனை. நீதிபதிகளின் இருக்கைக்கு மேலே, சட்டத்தின் மாட்சியையும் அரசின் ஆற்றலையும் குறிக்கும் இரு உருவங்களுக்கு நடுவில் I முதல் X வரை ரோமன் எண்கள் பொறித்த பலகை இருக்கிறது. பத்துக் கட்டளைகள் என்போர் ஒரு பக்கம். உரிமைகள் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்கள் என்போர் மறுபக்கம். காப்பாட்சியர் அலுவலகம் எந்தப் பக்கமும் சேரவில்லை. கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட்டுக்கு வைன்மன் 1932 அக்டோபர் 31இல் எழுதிய கடிதத்தை எடுத்துக்காட்டி, பலகை தொடக்க கால எழுத்துச் சட்டங்களைக் குறிக்கிறது என்ற அளவில் நின்றுகொள்கிறது. வழிகாட்டிகள் மதத்தை மறைக்கிறார்கள் என்று இதனால் எழுந்த கூச்சல் இன்றும் ஓயவில்லை. கடிதத்தின் முன் அதற்கு மதிப்பில்லை. அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆனால் ஒப்பீடு முக்கியம். எண்கள் மட்டுமே உள்ள அறையின் வாயிற்கதவையும் பத்துக் கட்டளைகள் என்றே எண்ணிக்கொண்டது 2005ஆம் ஆண்டின் நால்வர் கருத்துரை. எண்ணைக் கண்டு பொருளைத் தாவிப் பிடித்தது கையொப்பமிட்ட தீர்ப்பு. எழுத்துச் சான்றைத் தேடி அடங்கி நின்றது கையொப்பமில்லாத தாள். மூல ஆவணத்துக்குக் கட்டுப்படுவதை எது செய்தது என்று கேட்டால், அரிதாரக் கோட்பாடு தலைகீழாகிறது.

சிற்பியின் நோக்கத்தைச் சான்றாகக் கொள்வதே பிழை, கலைப்படைப்பு படைத்தவன் கையை விட்டுப் போய்விடுகிறது என்று கோட்பாட்டாளர் சொல்வர். சரி, பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த அறையில் அரை மணி நேரத்துக்குள் அவர் என்ன சொல்வார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சமயத்தாருக்கு மட்டும் தனி வரி கொடுத்தது சமனற்ற நடப்பு என்ற மறுப்பும் நிற்காது. முறையிட்டவருக்குத்தான் விடை, மெனீஸின் சார்பில் எவரும் மனுப் போடவில்லை.

என் வாதத்துக்கு உண்மையில் இடறலாவது வேறொன்று. அந்தச் சிற்பத்தில் நபிகளின் உருவம் ஏந்தியிருப்பது குர்ஆன் மட்டுமல்ல, வாளும் இருக்கிறது. 1997இல் வருத்தம் தந்தவற்றில் அதுவும் ஒன்று. வாள் முரட்டு மதப் பரப்பலின் அடையாளம் என்ற பழைய அவதூறை அது கிளறுகிறது என்றார்கள். ரென்க்விஸ்ட் இதற்கும் விடை சொன்னார்: வாள் இக்கட்டடம் முழுவதும் நீதியின் சின்னம், அறைச் சிற்பங்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு டஜன் வாள்கள் உண்டு என்று. நல்ல விடை, சுவர்களைப் பார்த்தாலே உறுதிப்படும் விடை. மேற்குச் சுவரில் நடுநாயகமாக நிற்கும் நீதியின் உருவமே வாளோடுதான் இருக்கிறது. ஆனால் தாளோ குர்ஆனைச் சொல்லி நின்றுவிடுகிறது. வாள் பற்றி ஒரு சொல் இல்லை. மூலத்தில் தெளிவாகக் கிடக்கும் சொல்லுக்கு உரை எழுதாமல் தாண்டிப்போகும் உரையாசிரியரை நாம் எப்படி மதிப்பிடுவோமோ அப்படியே இதையும் மதிப்பிட வேண்டும்.

இதைப் பரிகாரத்தின் ஒரு பகுதி என்று வாதிட முடியும். புண்பட்டதை மீண்டும் பெயர் சொல்லிக் காட்டாமல் விட்டார்கள் என்று. நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறேன். கல்லில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. முதல் வரிசையில் அமர்ந்த பத்து வயதுப் பிள்ளை கை நீட்டி, அவர் கையில் புத்தகத்தோடு இருப்பது என்ன என்று கேட்டால், விளக்குநரின் தாள் அங்கே உதவாது. தலைமை நீதிபதியின் 1997ஆம் ஆண்டுப் பதிலில் விடை இருக்கிறது. அதை விளக்குநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அல்லது எதிர்ச்சுவரைக் காட்டி, அங்கே எத்தனை வாள்கள் என்று எண்ணச் சொல்ல வேண்டும்.