தீக்கடைகோல்: ஒரு சொல் காத்துவந்த வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையின்போது நடந்த சாரணர் முகாமில், ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் இரு குச்சிகளை அரை மணி நேரம் உரசிப் பார்த்தனர். கைகள் சிவந்தன, புகைகூட எழவில்லை. “ஆதிமனிதன் இப்படித்தான் தீ மூட்டினான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான். என்னிடம் விடை இல்லை.

விடை நம் மொழியிலேயே இருந்தது. நம் முன்னோர் தீயைக் ‘கடைந்தனர்’. தயிரில் மத்து சுழல்வது போல, அடிக்கட்டையின் சிறு குழியில் ஒரு கோலை நிறுத்திச் சுழற்றினர். அக்கருவியே தீக்கடைகோல். சங்க இலக்கியம் அதனை ‘ஞெலிகோல்’ என்கிறது.

கோல் ஒரே இடத்தில் சுழல்வதால் வெப்பம் சிதறாமல் அங்கேயே திரள்கிறது. தேய்ந்து உதிரும் மரத்தூள் கருகி, குழியின் ஓரத்து வெட்டில் சேர்ந்து கனலாகிறது. அக்கனலை உலர்ந்த நாரில் இட்டு மெல்ல ஊதினால் சுடர் எழும். மரத்தில் ஈரம் இருந்தால் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை.

புறநானூற்றின் 315ஆம் பாடலில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியை வீட்டின் இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். அடங்கியிருக்கவும் வல்லவன், வேண்டும்போது அதிலிருந்து பிறக்கும் தீயாய் வெளிப்படவும் வல்லவன் என்பது பொருள். அக்காலத்தில் அது வீட்டில் இருந்த கருவி என்பதும் இதனால் விளங்குகிறது. கூரையின் கீழ் இருந்தால்தானே கோல் உலர்ந்திருக்கும்! பெரும்பாணாற்றுப்படையிலோ, ஓர் இடையன் கடைந்தெடுத்த தீயால் துளையிட்டுக் குழல் செய்கிறான்.

வேள்விகளில் இவ்வழக்கம் நீடித்தது. 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த பெருவேள்வியில் அரணிக்கட்டையைக் கடைந்தே தீ எடுத்தனர். அன்றாட வாழ்விலோ தீப்பெட்டி வந்து கடைகோலை மறக்கச் செய்தது. இங்கிலாந்தின் ஜான் வாக்கர் 1827இல் விற்கத் தொடங்கிய தீக்குச்சியும் உராய்வால் எரிவதுதான். கடும் உழைப்பின் இடத்தை வேதிப்பொருள் எடுத்துக்கொண்டது.

அடுத்த வகுப்பில் என் தவற்றை மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். ‘உரசினான்’ என்பதை அழித்துவிட்டுக் ‘கடைந்தான்’ என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு வினைச்சொல்லைச் சரியாகக் கற்பித்தால் ஒரு தொழில்நுட்பமே பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறது. சொல்லை இழந்தால் இரண்டையும் இழப்போம்.