தைப்பூச விடுமுறையும் செம்பவாங் தளமும்: சிங்கப்பூர், 1968

சிங்கப்பூரில் தை பிறந்தால் ஒரு பழைய கேள்வியும் கூடவே வந்துவிடும்: தைப்பூசத்துக்கு ஏன் பொது விடுமுறை இல்லை? ஒரு காலத்தில் இருந்தது. 1968இல் 16 விடுமுறைகளை 11 ஆகக் குறைத்தபோது அது போயிற்று. இங்குள்ள தமிழர் பலருக்கு அந்த ஆண்டு என்றால் இந்த ஓர் இழப்புதான். ஆனால் அவ்வாண்டின் மற்ற நிகழ்வுகளோடு சேர்த்துப் படித்தால், இதைச் சமய வரலாற்றில் வைப்பதைவிடத் தொழிலாளர் வரலாற்றில் வைப்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன், 1971 முடிவதற்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைகளின் தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை பார்த்தார்கள். வீடு, கடை, கோயில் எல்லாமே தளத்தைச் சுற்றி வளர்ந்தவை. ஏப்ரல் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 58 தொகுதிகளையும் வென்றது, அவற்றில் 51 போட்டியே இல்லாமல். ஜூனில் கடற்படையின் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்ட் என்ற வணிக நிறுவனமாக மாறத் தொடங்கியது. ஆகஸ்ட் 15இல் வேலை நியமனச் சட்டம் நடப்புக்கு வந்தது: வாரத்துக்கு 44 மணி நேர வேலை, ஆண்டு விடுப்புக்கும் போனசுக்கும் மிகைநேரத்துக்கும் வரம்பு. வெளிநாட்டு முதலாளிகள் வந்து தொழிற்சாலை கட்ட வேண்டும் என்ற அவசரம் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகிறது. விடுமுறைப் பட்டியலை வெட்டியதும் இந்த அவசரம்தான்.

சிறுபான்மையினர் என்பதால் கைவைத்தார்கள் என்பார் உண்டு. அப்படிச் சொல்ல இடமில்லை. முஸ்லிம்கள் நபிகள் பிறந்தநாளை விட்டுக்கொடுத்தார்கள், கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களை. இந்துக்களே தீபாவளியைத் தேர்ந்தெடுத்தார்களே என்பது எதிர்ப்பக்கத்து வாதம். அதுவும் பாதி உண்மைதான். இரண்டில் ஒன்று என்று கேட்கப்பட்டபின் கிடைக்கும் விடையை முழுச் சம்மதம் என்று கொள்ள முடியாது. மேலும், அந்த விடையைச் சொல்ல இன்றைய இந்து அறக்கட்டளை வாரியம் அப்போது இல்லை, அது 1969 மே மாதம்தான் அமைந்தது. எல்லாருக்கும் சமமாக வெட்டினாலும் வலி சமமாக விழவில்லை. ஈஸ்டர் திங்கள், ஞாயிறு முடிந்த மறுநாள். தைப்பூசமோ நேர்ந்துகொண்டவர் அந்த நாளிலேயே, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்தாக வேண்டிய விழா. காவடியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆனாலும் விழா தேயவில்லை. முதல் நாள் இரவே பால்குடங்கள் புறப்படுகின்றன. வேலைக்குப் போகிறவர் விடிவதற்குள் திரும்பிவிடலாம்.

தேய்ந்தது வேறொன்று. 1970 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 7 விழுக்காடாக இருந்த இந்தியர், 1980இல் 6.4 விழுக்காடு. தளங்கள் மூடியது மட்டுமே காரணமில்லை. ஆனால் வேலை முடிந்தபோது கிடைத்த தொகையோடு ஊர் திரும்பிய தளத் தொழிலாளர்களுக்கும் அந்தச் சரிவில் பங்குண்டு. விடுமுறையைப் பற்றி ஆண்டுதோறும் பேசும் நாம் இதைப் பேசுவதேயில்லை என்பது எனக்கு வியப்பு.

2015இல் விடுமுறைக் கோரிக்கை மீண்டும் எழுந்தபோது, ஒரு விழாவுக்குத் திருப்பித் தந்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றது அரசு. கோரிக்கையைச் சமய உரிமையாக வைக்கும்வரை இந்தப் பதிலை அசைப்பது கடினம். தொழிலாளியின் உரிமையாக வைத்தால் நிலைமை வேறு. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறைக்குப் பதிலாக இன்னொரு நாளை எடுத்துக்கொள்ள வேலை நியமனச் சட்டம் இப்போதே இடம் தருகிறது. அந்த ஒப்புதல் முதலாளியின் தயவாக இல்லாமல், எந்தச் சமயத்தவரும் ஆண்டுக்கு ஒரு நாள் கேட்டுப் பெறக்கூடியதாக மாற வேண்டும் என்று கேட்கலாம். விடுமுறை 11 என்ற எண்ணைத் தொடவே வேண்டியதில்லை.