பாட்டே பெயரானவர்கள்



உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறை தன் விடைத்தாளில், "செம்புலப்பெயனீரார் செம்புலம் என்னும் ஊரிற் பிறந்தவர்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். பிறகு யோசித்தபோது, பிழை அவனில் மட்டும் இல்லை என்று பட்டது. புலவர் என்றால் ஊரும் பெற்றோரும் சொல்லப்பட வேண்டும் என்றுதானே நாம் அவனுக்குப் படிப்பித்திருக்கிறோம்?

குறுந்தொகை நாற்பதாம் பாட்டைப் பாடிய அவருடைய ஊரும் நமக்குத் தெரியாது. பெற்றோர் இட்ட பெயரும் தெரியாது. முன்பின் அறியாத இருவருடைய நெஞ்சங்கள் கலந்த விதத்துக்குச் செம்மண்ணில் விழுந்த மழைநீரை உவமை சொன்னார். அந்த உவமையே அவருக்குப் பெயராயிற்று. சங்கத் தொகைகளில் அவர் பாட்டாக இருப்பது இது ஒன்றுதான்; அதுவும் ஐந்தே அடி. 1967-இல் ஏ. கே. இராமானுஜன் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக அது தமிழறியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த பாட்டு அணிலாடு முன்றிலாருடையது. தலைவன் பிரிந்த நாளில் தன் நிலை, மக்கள் விட்டுப்போன ஊரிலே அணில் விளையாடும் வெறும் வீட்டைப் போன்றது என்கிறாள் தலைவி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் போய், பின்னர் திரும்பி வந்து தம் முற்றத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இத்தகையோரின் இயற்பெயர் மறைந்துபோகவே, தொகுத்தவர்கள் பாட்டிலுள்ள தொடரை எடுத்துப் பெயராக்கினர் என்பது நாம் வகுப்பில் சொல்லும் விளக்கம். நானும் பல வருடம் அப்படியே சொன்னேன். இப்போது எனக்கு அதில் ஐயம் உண்டு.

ஓரேருழவரைப் பாருங்கள். குறுந்தொகை 131-ஆம் பாட்டிலே, காதலியின் ஊர் நோக்கி விரையும் நெஞ்சுக்கு உவமை, ஈரம் பதமாயிருக்கும் வயலும் ஒரேயொரு ஏரும் உடைய உழவனின் பதற்றம். பெயர் வந்த வழி தெளிவு. ஆனால் புறநானூறு 193-ஆம் பாட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அங்கே ஏரும் இல்லை, உழவனும் இல்லை. உவர்நிலத்திலே வேட்டுவனுக்கு ஓடும் மானைப்போலத் தப்பி ஓடலாம்தான், சுற்றத்தோடு கூடிய வாழ்வு காலைத் தட்டுகிறதே என்று ஒருவன் பெருமூச்சு விடுகிறான். இரண்டையும் பாடியவர் ஒருவரே என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது! ஏடு தொகுத்தபோது அவசரத்தில் ஒட்டிய பெயரானால், அது மற்றத் தொகைக்கு எப்படிப் போயிருக்கும்? உயிரோடிருந்த காலத்திலேயே மக்கள் அவரை அப்படி அழைத்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் இதற்குத் துணை. விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகை 210-இலே பாடியதால் வந்த சிறப்புப் பெயர் முன்னே நிற்க, சொந்தப் பெயரும் அழியாமல் பின்னே நிற்கிறது. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய அப்பெண்ணுக்குப் பெயரில்லாக் குறை எங்கே?

இந்தப் பெயர்களெல்லாம் அச்சேறியது அண்மைக் காலத்தில்தான். சாமிநாதையரின் புறநானூறு 1894-இல் வந்தது. குறுந்தொகையைச் சௌரிப்பெருமாளரங்கனார் முதலிலே 1915-இல் வெளியிட்டார். ஐயரின் பதிப்பு 1937-இல். நம் நாட்டிலே சைமன் காசிச்செட்டி 1859-இலும், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-இலும் புலவர் சரித்திரங்களை வெளியிட்டபோது இவை ஏட்டிலேயே கிடந்தன.

பாடியவர் பெயர் காணாத பாட்டுகள் சங்க நூல்களில் 102 என்பது பொதுவான கணக்கு. அவற்றிலும் பெயராக்கத் தக்க தொடர்கள் இல்லாமலா போயின? தெரியாததைத் தெரியாதென்றே விட்ட அந்த நேர்மையை, ஒளவைக்கும் கம்பனுக்கும் கதை கட்டிய பிற்காலத்தாரிடம் நான் காணவில்லை.

இன்னொருவர் இருக்கிறார். ஊர், தந்தை, தன் பெயர் எல்லாம் சேர்த்தே எழுதப்பட்டவர்: மதுரை ஈழத்துப் பூதன்தேவனார். 'ஈழத்து' என்பதற்கு இந்நாடுதான் பொருளா என்று வாதாடுவோர் உண்டு, நாம் விட்டுக்கொடுப்பதில்லை. அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் மும்மூன்று, நற்றிணையில் ஒன்று, ஆக ஏழு பாட்டுகள். பெயரைச் சொன்னால் மார்தட்டுகிறோம். அவருடைய உவமை ஒன்று, நேயர்களே, உடனே நினைவுக்கு வருகிறதா?