தெறி செய்து பிழைத்த கலைஞர்

புத்தாண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தரச்சொல்லிச் சங்கத்து அண்ணை கேட்டார். சோழரைப் பற்றியும் சங்கிலியனைப் பற்றியும் எழுத எங்களுக்குள் படிச்ச ஆக்கள் இருக்கினம். நான் ஏ.எல். மட்டும் படிச்சுப்போட்டுப் பக்டரியில் நிற்கிறவன். ஆகவே, இதே லண்டனுக்கு எங்களைப் போல அகதியாக வந்து, தன் கையை நம்பிச் சிறு தொழில் நடத்திய ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் லூசி றீ. 1902 இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் டொக்டர். மட்பாண்டக் கலையை முறையாகப் படித்து, அங்கேயே சொந்தப் பட்டறை வைத்திருந்தார். 1937 பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அடுத்த வருடமே ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் புகுந்தது. 1938 இல் லண்டனுக்குத் தப்பி வந்தார். கணவர் அமெரிக்காவுக்குப் போக, இவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அங்கே பதக்கம் வாங்கியவரை இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. இதை எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் வாத்தியாராக இருந்தவர் இங்கே பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்வதை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறம்.

ஹைட் பார்க்குக்குக் கிட்ட, அல்பியன் மியூஸ் என்ற ஒழுங்கையில் முந்திக் குதிரை லாயமாக இருந்த சின்ன இடமொன்றை 1939 இல் எடுத்தார். கீழே பட்டறை, மேலே வீடு. ஆனால் அவருடைய கோப்பைகளை வாங்க ஆளில்லை. அப்போது இன்னொரு ஒஸ்திரிய அகதியான பிரிட்ஸ் லம்பிள் கண்ணாடியில் சட்டைத் தெறி செய்து விற்றுக்கொண்டிருந்தார். லூசி அவருக்கு வேலை செய்து, பிறகு தானே களிமண்ணில் தெறி செய்யத் தொடங்கினார்.

பதக்கம் வாங்கிய கை தெறி செய்வதா என்று அவர் யோசித்துக்கொண்டு இருக்கவில்லை. உடுப்புத் தைக்கும் பெரிய கடைக்காரர் துணித்துண்டு கொண்டுவருவார்கள். அந்த நிறத்துக்குச் சரியாகப் பொருந்துகிற பூச்சைக் கலந்து தெறியைச் சுட்டுக் கொடுப்பார். சாந்து அச்சில் மண்ணை அழுத்தித் தெறி எடுக்கிற முறையால் ஒரே மாதிரிப் பல செய்ய முடிந்தது. ஆயிரம் நிறத்துக்குப் பூச்சுக் கலந்து பழகிய அந்தக் கைதான் பிறகு அவரின் கிண்ணங்களுக்கும் பேர் வாங்கித் தந்தது. போர்க்காலத்தில் கொஞ்சக் காலம் கண்ணாடிவில்லைக் கருவிகள் செய்யும் பக்டரியிலும் வேலை செய்தார். பக்டரி வேலை அவருக்கும் தெரிந்ததுதான்!

போர் முடிந்ததும் தெறிப் பட்டறை திரும்பவும் ஓடியது. வேலைக்கு எடுத்தவர்களில் பலர் அகதிகள். 1946 இல் வந்தவர் ஹன்ஸ் கோப்பர், ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த இளைஞர். எதிரி நாட்டவன் என்று பிரித்தானியர் பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பிவைத்தவர்களில் அவரும் ஒருவர். மட்பாண்டம் பற்றி ஒன்றும் தெரியாது. லூசி அவரைத் தெறி அழுத்த வைத்தார். சக்கரத்தில் வனையப் பழக ஒரு ஆசிரியரிடமும் அனுப்பினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்த கோப்பி செட்டுகளின் அடியில் இருவரின் முத்திரையும் இருக்கும். முதலாளி தன் பேரை மட்டும் போடவில்லை, கவனியுங்கோ.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பெரிய மட்பாண்டக் கலைஞர் பேர்னாட் லீச். லூசியின் பாத்திரங்கள் மெல்லிசு என்று அவர் குறை சொன்னார். லூசியும் கொஞ்சக் காலம் அவர் சொன்னபடி பாரமாகச் செய்து பார்த்தார். "உங்கட வழியிலேயே செய்யுங்கோ" என்ற மாதிரித் தைரியம் கொடுத்தவர், தெறி அழுத்த வந்த அந்தப் பெடியன்தான். கடைசியில் அந்த மெல்லிசுதான் லூசியின் அடையாளமாயிற்று. கோப்பர் 1958 இல் தனியாகப் போனார். 1962 இல் திறந்த கொவென்ட்ரி தேவாலயத்தின் பெரிய மெழுகுதிரித் தாங்கிகள் அவர் செய்தவை.

லூசி தொழிலைப் பெரிய கொம்பனி ஆக்கவில்லை. அதே ஒழுங்கை, அதே பட்டறை. 1991 இல் அரசு 'டேம்' பட்டம் கொடுத்தது. 1995 இல் அதே வீட்டில் காலமானார். அவருடைய பட்டறையை இப்போது விக்டோரியா அன்ட் அல்பேர்ட் மியூசியத்தில் திரும்ப அமைத்து வைத்திருக்கினம். உள்ளே போகக் காசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

நான் ஊரில் கடைப் போட்டுகளுக்கு எழுத்து எழுதினவன். இங்கே வேலை முடிஞ்சு வந்து இரவில் கலியாணக் காட்டும் கடை விளம்பரமும் கீறிக் குடுக்கிறன். "தம்பி, உதுக்கும் காசோ?" என்று எங்கட ஆக்களே கேட்கினம். இரண்டு தரம் விட்டுவிட நினைத்தேன். லூசியோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, வியன்னாவிலிருந்து தளபாடங்களைக்கூட எடுப்பித்தவர். நாங்கள் ஒரு பையோடு வந்தனாங்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் இருந்த தெறிகளைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. சின்ன வேலை கலையைக் கொல்லாது. கையைச் சும்மா விட்டால்தான் அது சாகும்.

எங்களுக்குள் தச்சர், பொற்கொல்லர், தையல் தெரிந்த அக்காமார் எத்தினை பேர்! ஒரு தெறியளவில் என்றாலும் தொடங்குங்கோ. மற்றவை, அவர்கள் கேட்கிற காசைப் பேரம் பேசாமல் குடுங்கோ. இந்தப் புத்தாண்டில் நான் கேட்பது அவ்வளவுதான்.